மணியோடரும் குரங்குக் குட்டிகளும்: செனகலில் எழுத்தறிந்தவர் யார்?

ஆபிரிக்க இலக்கியத்தில் மொழிப் பிரச்சினை என்று பேச்செடுத்தால் நமது இலக்கிய நண்பர்கள் உடனே கூகி வா தியாங்கோவின் பெயரைச் சொல்வார்கள். ஆங்கிலத்தை விட்டுக் கிக்கூயு மொழிக்குத் திரும்பிய அந்தக் கென்யரின் பெயர் சொல்லப்படுவது நியாயம்தான். ஆனால் மேற்குக் கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பார்த்தபடி கிடக்கும் செனகலில் இதே கேள்வி வேறொரு வடிவத்தில் எழுந்தது. அந்த வடிவம் நமக்கு மிக நெருக்கமானது. செனகலின் சனத்தொகையில் 100க்கு 95 பேரளவில் முஸ்லிம்கள். அங்கே பிரெஞ்சுக்கும் தாய்மொழிக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் எழுத்து நிற்கிறது. அது அறபெழுத்து. செனகல் இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் விமர்சனங்களில் பெரும்பாலானவை அந்த மூன்றாவதைக் காணாமலே கடந்து போகின்றன. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நாட்டின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960இல் சுதந்திரம் கிடைத்தபோது பிரெஞ்சு அரசகரும மொழியானது. 1971இல் வொலோஃப், புலார், செரேர், ஜோலா, மண்டிங்கா, சொனிங்கே ஆகிய ஆறு மொழிகளுக்கும் லத்தீன் எழுத்தில் எழுத்துமுறை வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பிரெஞ்சை அரசகரும மொழியாக வைத்துக்கொண்டு இந்த ஆறையும், இனி எழுத்துமுறை வகுக்கப்படும் ஏனையவற்றையும் தேசிய மொழிகள் என்றது. பின்னர் அந்தப் பட்டியல் 20க்கும் மேலாக நீண்டது. சந்தையிலும் பஸ்ஸிலும் வானொலியிலும் ஓங்கி நிற்பது வொலோஃப். அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. பேசவோ விளங்கவோ கூடியவர்கள் மிகப் பெரும்பான்மை. நீதிமன்றத் தீர்ப்பும் பரீட்சைத் தாளும் பிரெஞ்சில். தீர்ப்பைக் கேட்டு அழுவது வொலோஃபில்.

இந்த இடைவெளியைக் கலையாக்கியவர்களில் முதன்மையானவர் செம்பேன் உஸ்மான் (1923-2007). தெற்கே கஸமான்ஸ் பகுதியின் சிகின்ஷோர் நகரில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, மார்செய் துறைமுகத்தில் மூட்டை இறக்கி, தானாக வாசித்து எழுத்தாளரானவர். பிரெஞ்சில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்ற பின்னர், தான் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் தன்னை வாசிக்க இயலாது என்ற உண்மை உறுத்தவே சினிமாவுக்குப் போனார். 1966இல் வெளிவந்த தனது குறுநாவலை 1968இல் 'மந்தாபி' என்ற படமாக்கினார். மந்தாபி என்றால் மணியோடர். வொலோஃபில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று என இரு வடிவங்களில் எடுக்கப்பட்ட படம் அது. ஆபிரிக்க மொழியொன்றில் வந்த முதல் முழுநீளப் படமாக இன்று கொண்டாடப்படுவது வொலோஃப் வடிவமே.

கதை எளிமையானது. டாக்காரில் இரு மனைவியரோடும் பிள்ளைகளோடும் வாழும் இப்ராஹிமா ஜெங் வேலையில்லாதவர், தொழுகையாளி, வெள்ளை அங்கியை மடிப்புக் குலையாமல் உடுத்துபவர். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்கு மணியோடர் அனுப்புகிறான். 20,000 அவனுக்காகச் சேமிக்க, 3,000 அவனுடைய உம்மாவுக்கு, 2,000 மாமாவுக்கு. தபாற்கந்தோரில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். பிறப்பத்தாட்சிக்குப் பிறந்த திகதி வேண்டும். ஒவ்வொரு யன்னலிலும் பிரெஞ்சு. கையில் வராத காசை நம்பிக் கடைக்காரன் கடன் கொடுக்கிறான், அயலவர் கைமாற்றுக் கேட்கிறார்கள். முடிவில் படித்த உறவினன் ஒருவன் அதிகாரப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிக் காசை எடுத்துக்கொண்டு, களவு போய்விட்டது என்று சொல்லி ஒரு மூடை அரிசியைக் கொடுத்து அனுப்புகிறான். மத்திய கிழக்குக் காசுக்குக் காத்திருந்து வங்கி வாசலில் படிவம் நிரப்ப ஆள்தேடிய நமது ஊர்த் தாய்மாருக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை.

விமர்சகர்கள் இப்படத்தை 'எழுத்தறியாத மனிதன்' படும் பாடு என்று எழுதுகிறார்கள். நான் கேட்பது, எந்த எழுத்தை அறியாதவர் என்பது. ஜெங்கின் தலைமுறையில் செனகல் முஸ்லிம்கள் பலர் சிறுவயதில் குர்ஆன் பள்ளிக்கூடம் போனவர்கள்; மரப்பலகையில் மை தொட்டு எழுதி, ஓதி, கழுவி, மறுபடி எழுதியவர்கள். அவர்களில் கணிசமானோர் அந்த எழுத்தைக் கொண்டே வொலோஃபில் கடிதம் எழுதினார்கள், கடன் கணக்கு வைத்தார்கள், மருந்துக் குறிப்பு எழுதினார்கள். இப்படி அறபெழுத்தில் எழுதப்படும் வொலோஃபுக்கு வொலோஃபல் என்று பெயர். அறபில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிக்கொள்வார்கள். நமது அறபுத்தமிழில் செய்ததும் இதுவேதான். அரசாங்கக் கணக்கெடுப்போ இவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் பத்தியில் போட்டது. லத்தீன் எழுத்து தெரிந்தால்தான் எழுத்து. மற்றதெல்லாம் மார்க்க விஷயம்.

எங்கள் ஊரில் ஒரு மூதாட்டி இருந்தார். அறபுத்தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசித்து மற்றப் பெண்களுக்கு விளக்கஞ் சொல்லுவார். மாப்பிள்ளை ஆலிமின் பத்ஹுத் தய்யானில் இருந்து பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டுவார். பேரப்பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வந்தபோது எங்கள் இடாப்பில் பெருவிரல் அடையாளமே வைத்தார். படிவத்தின் 'கல்வித் தகைமை' என்ற கூட்டில் 'இல்லை' என்று எழுதப்பட்டது. செனகலைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கூடுதான் என் கண்முன் வருகிறது.

வொலோஃபல் வெறும் கணக்குப் புத்தக எழுத்தாக மட்டும் இருந்திருந்தால் இலக்கிய விமர்சனத்துக்கு அதில் வேலையில்லை. அதில் ஒரு முழுக் காவிய மரபே இருக்கிறது. முரீதிய்யா தரீக்காவை நிறுவிய ஷெய்கு அஹ்மது பம்பா (1853-1927) அறபில் கஸீதாக்கள் இயற்றியவர். பிரெஞ்சு ஆட்சி 1895இல் அவரைக் காபோனுக்கு நாடுகடத்தியது, 1902இல்தான் திரும்பினார். அவருடைய அறபு பாமரருக்குப் புரியாது. ஆகவே மூஸா கா, ம்பாய் ஜகாதே, சம்பா ஜாரா ம்பாய், மோர் கைரே போன்ற சீடர்கள் வொலோஃபில் பாடினார்கள். கடற்பயணம், நாடுகடத்தல், பஞ்சம், ஷெய்கின் புகழ், உலகின் நிலையாமை எல்லாம் அந்தப் பாடல்களில் வந்தன. அறபு யாப்பை வொலோஃபின் வாய்க்குப் பொருத்தினார்கள். இவர்களில் மூஸா கா ஒரு விவாதத்தையும் நடத்தியிருக்கிறார். மார்க்க விஷயத்தை அறபில் அல்லாமல் வொலோஃபில் பாடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம், எந்த மொழியும் நபிபெருமானைப் புகழப் பயன்படும்போது கண்ணியம் பெற்றுவிடுகிறது என்பது. தாய்மொழியில் எழுதுவதற்கான நியாயத்தைப் பிற்காலத்து ஆபிரிக்க எழுத்தாளர்கள் ஐரோப்பிய மொழிகளுக்கு எதிராக வாதிட்டார்கள். மூஸா கா அதை அறபின் முன்னால் நின்று, அறபின் மீது மரியாதை குன்றாமல் வாதிட்டார். எனது அபிப்பிராயத்தில் இது அதிலும் கடினமான வாதம். பகைவனின் மொழியை விலக்குவது இலகு. வேதத்தின் மொழிக்குப் பக்கத்தில் தன் மொழிக்கு ஒரு பாய் விரிப்பது இலகுவல்ல.

இந்தக் கவிஞர்களைப் பற்றி விரிவாக அறிய விரும்புவோர் ஃபல்லூ இங்கொம் 2016இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலைப் பார்க்கலாம். அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பணியாற்றும் செனகல்காரர். அறபெழுத்து வொலோஃபை இலக்கியமாக எடுத்து ஆராய்ந்தமைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நூல் சில இடங்களில் தரீக்காவின் புகழுரைபோல் ஒலிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுபடியும் செம்பேனுக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் மொழியியலாளர் பாதே ஜாஞ்யுடன் சேர்ந்து 'கத்து' என்ற வொலோஃப் பத்திரிகையை நடத்தினார். லத்தீன் எழுத்தில். அதன்பின் வந்தது 'செட்டோ' படம். இதில் நடந்த கூத்தைத் தமிழாசிரியர் எவரும் ரசிப்பார்கள். அப்போதைய ஜனாதிபதி லெயோபோல்ட் செங்கோர் பெருங்கவிஞர், இலக்கண ஆசிரியர், பின்னாளில், 1983இல், பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவானவர். தாய்மொழி செரேர், கவிதை பிரெஞ்சு. வொலோஃபில் மெய்யெழுத்து எங்கே இரட்டிக்கும், எங்கே இரட்டிக்காது என்று அரசாங்க ஆணை பிறப்பித்தவர். படத்தின் தலைப்பில் 'டி' ஒன்றுதான் வரவேண்டும் என்றார். செம்பேன் இரண்டுதான் என்றார். படம் தடைசெய்யப்பட்டது. அறிஞர் ஷெய்க் அந்தா டியோப் 1976இல் தொடங்கிய 'சிக்கி' என்ற பத்திரிகையும் இதே இரட்டிப்புச் சண்டையில் பெயர் மாற்ற வேண்டி வந்தது. சிக்கி என்றால் தலைநிமிர்தல். புதிய பெயர் 'தஹாவ்', அதாவது எழுந்து நிற்றல். தலையை நிமிர்த்த விடாவிட்டால் எழுந்தே நிற்கிறோம் என்றார்கள் போலும். ஒற்று மிகுமா மிகாதா என்று நாம் ஆசிரியர் அறையில் சண்டையிடுவோம். ஓர் அரசாங்கம் அதற்காகப் படத்தைத் தடுத்த வரலாறு வேறெங்காவது உண்டா தெரியாது.

ஒற்று ஒரு சாட்டுத்தான். படத்தின் உள்ளடக்கமே உண்மையான காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 'செட்டோ'வில் ஓர் இமாம் அரசனின் இடத்தைக் கைப்பற்றுகிறார்; ஊராரை வலிந்து கலிமாச் சொல்ல வைத்து, தலை மழித்துப் புதுப் பெயர் சூட்டுகிறார்; முடிவில் இளவரசி அவரைச் சுடுகிறாள். முஸ்லிம் நாடொன்றில், உஸ்மான் என்ற பெயருடையவர் எடுத்த படம். முஸ்லிம் வாசகர்களாகிய நாம் இதற்குக் கோபப்பட்டு முடித்துக்கொள்ளலாம். கோபம் விமர்சனமாகாது. கலைஞன் என்ற வகையில் செம்பேன் இங்கே தவறவிட்டது எது என்று பார்ப்பதே பயன். வெள்ளை வியாபாரிக்கும் பாதிரிக்கும் பக்கத்தில் இமாமையும் வெளியிலிருந்து வந்த மூன்றாவது ஆளாக நிறுத்துகிறார். அந்த இமாமுக்கு உள்மனம் இல்லை, அவர் மரப்பொம்மை. செம்பேன் வாழ்ந்த அதே நாட்டில் பிரெஞ்சு அரசு நாடுகடத்திய ஷெய்கின் சீடர்கள் வொலோஃபை ஏட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. மக்கள் மொழியைத் தேடிப் போன கலைஞர், மக்கள் அதை எழுதி வைத்திருந்த எழுத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இமாமின் தாடி தெரிந்த அளவுக்கு அவர் கையிலிருந்த பேனை தெரியவில்லை.

ஓதப்பள்ளிக்கு உள்மனம் தந்தவர் ஷெய்க் ஹமிது கான். 1961இல் வெளிவந்த அவரது பிரெஞ்சு நாவலான 'இருதலைப் பயணம்' (தலைப்பை நான் இப்படித் தமிழாக்குகிறேன்) தொடங்குவதே ஓதப்பள்ளியில். ஓதலில் ஒரு சொல் பிசகியதற்காகச் சம்பா தியாலோ என்ற சிறுவனை ஆசான் வருத்துகிறார். அந்தச் சித்திரவதையின் அடியில் அவர் அவன்மீது வைத்திருக்கும் பேரன்பும் இருக்கிறது. பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்புவதா என்று ஊர் கூடி வாதிடும் பக்கங்களை எந்த ஆசிரியரும் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். ஆனால் அங்கே பேசப்படும் மொழி புலார். நாமோ பிரெஞ்சில் கேட்கிறோம். ஆசானின் வாய்ச்சொல் எல்லாம் மெருகேறிய தத்துவமாக வருகிறது. ஒரு கிராமத்து லெப்பை அப்படிப் பேசுவாரா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

மரியாமா பாவின் 'இத்தனை நீண்ட கடிதம்' (1979) வேறு வகை. கணவன் மௌத்தாகி இத்தா இருக்கும் ரமதுலாயி என்ற ஆசிரியை தன் தோழிக்கு எழுதும் கடிதமே நாவல். வீட்டுக்கு வருபவர்கள் வொலோஃபில் ஒப்பாரி வைக்கிறார்கள். அவள் பிரெஞ்சில் எழுதுகிறாள். அந்த மௌனமான பிளவை ஆசிரியர் எங்கும் சுட்டிக்காட்டவில்லை. அதுவே நாவலுக்குப் பலம். இந்நூலின் வொலோஃப் மொழிபெயர்ப்பு 2016இல் 'செய்த்து' நூல்வரிசையில் இடம்பெற்றது. மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான மாம் யூனுஸ் ஜெங், 1992இலேயே 'ஆவோ பி' (மூத்த மனைவி) என்ற நாவலை நேரடியாக வொலோஃபில் எழுதியவர். முதல் வொலோஃப் நாவல்களைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி மறந்துவிடும் பெண்.

அந்த நூல்வரிசையை நடத்தியவரே இன்றைய செனகல் எழுத்தின் பெரும்புள்ளி, பூபக்கர் போரிஸ் டியோப். பிரெஞ்சில் பல நாவல்கள் எழுதியவர். 1998இல் வேறு ஆபிரிக்க எழுத்தாளர்களோடு ருவாண்டாவுக்குப் போய், 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலை நடந்த இடங்களைப் பார்த்து, 2000இல் 'முரம்பி'யை எழுதினார். அந்தப் படுகொலையில் பிரான்சின் பங்கைக் கண்டபின் பிரெஞ்சில் மட்டும் எழுதுவது தனக்கு இயலாது போயிற்று என்பது அவர் தரும் விளக்கம். 2003இல் 'டோமி கோலோ' (குரங்குக் குட்டிகள்) வொலோஃபில் வந்தது. 2009இல் தானே பிரெஞ்சில் மறுபடி எழுதினார். 2016இல் ஆங்கிலத்திலும் வந்தது. நான் வாசித்தது ஆங்கிலத்தில். 2022இல் அவருக்கு நொய்ஸ்டாட் பரிசு கிடைத்தது.

டாக்காரில் வாழும் முதியவர் ங்கிரான் ஃபாய், நாட்டை விட்டுப் போய்விட்ட பேரன் பாதுவுக்காகக் கொப்பிகளில் எழுதிவைப்பதே நாவல். பேரன் எங்கே என்று தெரியாது; வாசிப்பானா என்றும் தெரியாது. மகன் அஸான் பிரான்சில் இறந்து சவமாக வந்திருக்கிறான். கூடவே அங்கே கட்டிய இரண்டாம் மனைவி யாசின் இன்ஜாய். வெள்ளைத் தோலுக்கு ஏங்குபவள். குரங்கு என்பது இங்கே பிறரைப் பார்த்து ஆடும் மனம். இந்த உருவகத்தை ஆசிரியர் அளவுக்கு மீறி இழுக்கிறார். அரசியல் அங்கதப் பக்கங்களும் எனக்கு அலுப்புத் தட்டின. கிழவர் பேரனோடு நேரடியாகப் பேசும் பக்கங்கள் வேறு தரத்தவை. வயது போனவர்கள் பேசுவதுபோல் சுற்றி வளைத்து, சொல்ல வந்ததை விட்டு வேறொன்றைச் சொல்லி, பின் திடீரென்று நெஞ்சைக் குத்தும் ஒன்றைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பையும் தாண்டி அந்தக் குரல் கேட்கிறது.

டியோப் வொலோஃபுக்குத் 'திரும்பினார்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் திரும்பிய வீட்டில் முன்னரே ஆட்கள் குடியிருந்தார்கள். வொலோஃப் வாசகர் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. 'டோமி கோலோ' லத்தீன் எழுத்தில் வந்தபடியால் அவர்களுக்கு வாசல் மூடியிருந்தது. பிரெஞ்சுப் பாடசாலையில் லத்தீன் எழுத்துக் கற்றவர்களோ வொலோஃபில் வாசித்துப் பழகியவர்கள் அல்லர். ஆக, நூல் இரு கூட்டத்துக்கும் நடுவில் விழுந்தது. பிழை டியோப்புடையது மட்டுமல்ல. 1971ஆம் ஆண்டின் எழுத்துமுறை, பதிப்பகம், பரிசு, பல்கலைக்கழகம் எல்லாமே ஒரே எழுத்தின் பக்கம் நிற்கின்றன. பின்னர் அறபெழுத்துக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட முறையொன்றை வகுத்தார்கள். டியூர்பெல், தூபா பகுதிகளின் கடைப் பலகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் பழைய வொலோஃபலே தொடர்ந்தது. யாரும் கற்பிக்காமலே வாழ்கிற எழுத்துக்கு நிபுணர் குழு தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. வொலோஃப் இன்னும் பிரெஞ்சின் நிழலில்தான் நிற்கிறது. புலார் பேசுவோருக்கோ வொலோஃபே பெரிய மீன். டாக்காருக்கு வந்த புலார்க் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் வொலோஃபில் கனவு காண்கிறார்கள் என்ற கவலை அவர்களிடம் பழையது. அவர்களுக்கும் அறபெழுத்தில் எழுதிய மரபு உண்டு. அல்ஹாஜ் உமர் தாலின் வரலாற்றைப் புலாரில் முகம்மது அலியு சாம் பாடிய நீண்ட கஸீதாவைப் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த ஹென்றி காதன் 1935இல் பாரிஸில் அச்சிட்டார். ஜோலா மக்களின் கஸமான்ஸ் பகுதியில் 1982 முதல் பிரிவினைக் கிளர்ச்சி நடந்தது. காரணங்கள் பல, டாக்காரின் மேலாண்மை அவற்றுள் ஒன்று. 2002 செப்டெம்பர் 26இல் சிகின்ஷோரிலிருந்து டாக்கார் வந்த 'லெ ஜோலா' கப்பல் கவிழ்ந்து 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டியோப் அந்த அனர்த்தத்தை வைத்து 2017இல் எழுதிய வொலோஃப் நாவலின் தலைப்பு 'கொச் பர்மாவின் மண்ணறை'. கொச் பர்மா பழைய வொலோஃப் ஞானி. தெற்கிலிருந்து புறப்பட்ட கப்பலுக்கு வடக்கின் ஞானியின் மண்ணறை. வொலோஃபை நாட்டின் பொதுக் குரலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் டியோப்பிலும் எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதை அந்தத் தலைப்பே காட்டுகிறது.

வொலோஃபா பிரெஞ்சா என்ற விவாதத்தில் மட்டும் நிற்கும் விமர்சனம் ஆகவே அரைகுறை. எந்த வொலோஃப், எந்த எழுத்தில், எவருக்குப் பக்கத்தில் நின்று என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. செனகல் இலக்கிய வரலாற்றைச் செங்கோரில் தொடங்கும் வழக்கத்தை நமது சஞ்சிகைகளின் மொழிபெயர்ப்பாளர்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதை மூஸா காவிலிருந்து தொடங்கிப் பார்த்தால் மந்தாபியின் ஜெங்கும் டோமி கோலோவின் கிழவரும் வேறு மனிதர்களாகத் தெரிவார்கள்.

குறிப்பாகக் கிழவர். அவர் வயதில் டாக்காரில் ஒருவர் பேரனுக்கு வொலோஃபில் கொப்பி கொப்பியாக எழுதுகிறார் என்றால், அவர் கை வலமிருந்து இடமாக ஓடியிருக்கவே சாத்தியம் அதிகம். அச்சில் நாம் காண்பது இடமிருந்து வலமாக. பிரெஞ்சுப் பாடசாலையில் படித்து வெளிநாடு போன பாது திரும்பி வந்து அந்தக் கொப்பிகளைத் திறந்தால், பாட்டனாரின் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க யாரைத் தேடிப் போவான் என்ற கேள்வியை டியோப் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது இன்னொரு நாவல்.